சோறூட்டும் நேரமும் கைபேசியும்

இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தையின் முன் கைபேசியை வைத்துச் சோறூட்டும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டதைக் காணும்போதெல்லாம் எனக்குக் கவலை மிகுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் கூறுகிறது.

ஆயினும் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது, பட்ரிசியா குல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளிடம் மாண்டரின் என்னும் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, புத்தகம் வாசித்துக் காட்டி விளையாடியபோது, அக்குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டனர். அதே பேச்சைத் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகளோ எதையும் கற்கவில்லை. ஆகவே, பாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் குழந்தை பேசக் கற்கும் என்று பெற்றோர் நல்லெண்ணத்துடன் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை.

தொலைவில் இருக்கும் தாத்தா பாட்டியுடன் காணொளி அழைப்பில் பேசுவது வேறு. அங்கே மழலைக்கு மறுமொழி கிடைக்கிறது. வேலை முடித்துக் களைத்து வரும் தாயிடம் மட்டும் கைபேசியின்றிச் சோறூட்டும் பொறுப்பைச் சுமத்துவது நியாயமன்று என்பதால், ஊட்டும் வேளையில் தந்தையும் அருகில் அமர்ந்து குழந்தையுடன் பேச வேண்டும்.