அம்மாவின் நேர்ச்சையும் மணியடிச்சான் பாறையும்

அம்மா நேர்ந்துகொண்டது 2022 மே 15 அன்று. ரோமாபுரியில் நம் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுப்பதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தாள். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. படுத்தபடியே கைகூப்பி, "உம்ம மலைக்கு வந்து ஒரு திரி கொளுத்துதேன் ஐயா" என்றாள். அவளால் வர முடியவில்லை. 2024-இல் ஆண்டவர் அழைத்துக்கொண்டார். கடன் எங்கள் மேல் நின்றது.

அவர் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்து வேதசாட்சியாக மரித்த ஜனவரி 14 அன்றே போய்விடுவோம் என்று அப்பா சொன்னார். 2025-இல் அது பொங்கல் நாள். பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் பஸ்ஸில் கரும்புக் கட்டுக்கும் மஞ்சள் குலைக்கும் நடுவில் நின்றுகொண்டே போனோம். இறங்கினதும் ஒரு ஆட்டோக்காரர், அவர் கல்லறை இருக்கிற கோட்டாறு கோயிலுக்குப் போக இருநூறு கேட்டார். போய்ப் பார்த்தால் நடக்கிற தூரம்! கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். கல்லறைக்கு முன்னால் முழந்தாளிட இடமில்லை. போனைத் தூக்கிப் படம் எடுக்கிறவர்கள் நகரவே மாட்டேன் என்கிறார்கள். வேதசாட்சியின் எலும்புகள் இருக்கிற இடம் இது. அங்கேயாவது ஒரு நிமிஷம் கை சும்மா இருக்கக் கூடாதா?

ஆனாலும் அந்த நெரிசலில் நின்றபோதுதான் அம்மா திரும்பத் திரும்ப வாசித்த இடம் நினைவுக்கு வந்தது. டயாலிசிஸ் நாலு மணி நேரமும் அவள் கையில் வேதாகமம் இருக்கும். கடைசிக் காலத்தில் திருவெளிப்பாடுதான் அதிகம் வாசித்தாள். மிருகம், முத்திரை, அறுநூற்று அறுபத்தாறு என்று யாராவது வந்து பயமுறுத்தினால் கேட்டுக்கொள்ள மாட்டாள். அவளுக்குப் பிடித்தது ஆறாம் அதிகாரம். கடவுளின் வார்த்தைக்காகக் கொல்லப்பட்டவர்கள் பலிபீடத்தின் கீழே இருந்து, "எதுவரைக்கும் ஆண்டவரே?" என்று கேட்கிறார்கள். ஏன் கேட்டீர்கள் என்று ஆண்டவர் கோபிக்கவில்லை. ஆளுக்கொரு வெள்ளை அங்கி கொடுத்து, இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள் என்கிறார். "அவங்களே கேக்காங்க, நான் கேட்டா குத்தமா?" என்பாள் அம்மா. பலிபீடத்துக்குப் பக்கத்தில் அந்தக் கல்லறையைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தேவசகாயம் பிள்ளை திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் வேலை பார்த்தவர். நிலமும் மாடும் நஷ்டமாகி மனம் உடைந்திருந்த நேரத்தில், ராஜாவின் படையில் இருந்த டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசர் என்ற பெயரைத்தான் தமிழில் தேவசகாயம் என்றார்கள். 1749-இல் பிடித்து, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய், அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். மூன்று வருஷம் அப்படி. கிறிஸ்துவை ஒரு வார்த்தை மறுத்திருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அம்மாவும் மூன்று வருஷம் பட்டாள். அவரோடு சேர்த்துச் சொல்லவில்லை, ஆனால் அவரைப் பார்த்துத்தான் தாங்கினாள்.

ஆரல்வாய்மொழிக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். காற்றாடிமலை பெரிய மலை இல்லைதான், ஆனால் அப்பாவின் மூட்டுக்கு அது பெரிசு. பத்தடிக்கு ஒருதரம் நின்று, "நீ முன்னால போம்மா" என்பார். நான் போகவில்லை. மேலே, தேவசகாயத்தைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்ற இடத்தில் திரியை ஏற்றினால் கணவாய்க் காற்று அணைத்துவிடுகிறது. நான்கு தடவை. அழுகையே வந்துவிட்டது. அப்பா தன் வேட்டி முனையைப் பிடித்து மறைத்துக்கொண்டார். ஐந்தாவது தடவை பிடித்தது.

மணியடிச்சான் பாறைப் பக்கம் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். "மக்களே, கல்லெடுத்து ஒரு தட்டு தட்டிப் பாரு" என்றார். 1752-இல் தேவசகாயத்தின் உயிர் போனபோது மணிபோல் ஒலித்த பாறை என்பார்கள். ஒரு கையைப் பாறைமேல் வைத்துக்கொண்டு தட்டினேன். ணங் என்றது, கோயில் மணியேதான். சத்தத்தைவிட, உள்ளங்கையில் ஏறின அதிர்வுதான் என்னை உலுக்கியது. அம்மாவின் இடது கையில், டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடம் புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓடும். ராத்திரி அவள் தூங்கினபிறகு அதைத் தொட்டுப் பார்த்துத்தான் நான் படுப்பேன். கடைசி நாள் அது நின்றுபோனதையும் இந்தக் கைதான் பார்த்தது. அதே துடிப்பு அந்தக் கல்லில். தட்டினேன், திரும்பவும் தட்டினேன். பாட்டி ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா போய்விடவில்லை ஆண்டவரே, எனக்குத் தெரியும். இறக்கும்வரை உண்மையாய் இருந்தவளுக்கு நீர் சொன்ன வாழ்வின் முடியைச் சூட்டியிருப்பீர். அந்தக் கண்ணீரை நீரே துடைத்திருப்பீர். தேவசகாயம் ஐயா, உமக்குக் கோடி நன்றி. அவளுக்குத் திடம் கொடுத்தீர், அப்பாவின் காலுக்குப் பலம் கொடுத்தீர், காற்றிலும் அந்தத் திரியை எரியவிட்டீர்.

அம்மாவின் ஜெபமாலை அப்பாவிடம் இருந்தது. அவள் போனதிலிருந்து எந்தக் கிழமையானாலும், ஆண்டவரின் உயிர்ப்பைத் தியானிக்கிற மகிமையை விட்டுவிட்டு, அவர் பாடுகளைத் தியானிக்கிற துக்க தேவ இரகசியங்களைத்தான் அப்பா சொல்வார். அன்று செவ்வாய், முறைப்படியும் துக்கம்தான். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, முதல் மணியைத் தடவி, "மகிமை தேவ இரகசியம்" என்று ஆரம்பித்தார்.