மூன்று நிமிடப் பேச்சு

ஜூன் 5, 2024, புதன்

பேச்சுக்கலை வகுப்பில் இன்று முதல் முறையாக எழுந்து நின்றேன். தலைப்பு, இலங்கை மலையகத்தின் முல்லோயாத் தேயிலைத் தோட்டத்துக் கோவிந்தன். 1940 ஜனவரி 10 அன்று, சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டில் இறந்த தொழிலாளி. இரண்டு பக்கம் எழுதி மூன்று இரவு மனப்பாடம் செய்திருந்தேன். "அவைக்கு அழகு சேர்க்கும் ஆன்றோரே, சான்றோரே" என்று தொடங்கினேன். எதிரில் இருந்த ஆன்றோர் பதினெட்டுப் பேர். இருவர் பணிஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

"மலை முகட்டிலே முகில்கள் முத்தமிடும்" என்ற வரிக்கு அடுத்தது வரவில்லை. முகில் முத்தமிட்டபடியே நின்றது. பள்ளியில் தமிழ்த் தினப் போட்டிக்கு ஆசிரியர் எழுதித் தந்ததை ஒப்புவித்தே வளர்ந்தவள் நான். நடுவில் அறுந்தால் மறுபடி "ஆன்றோரே"க்குத்தான் போக வேண்டும். மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. கோவிந்தனிடம் நான் போய்ச் சேரவேயில்லை.

வகுப்பு ஆசிரியரான சேர் கோபிக்கவில்லை. "கோவிந்தனைப் பற்றி என்ன தெரியும்? உட்கார்ந்தபடியே சொல்" என்றார். சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பணிஸ் தின்றவர்களும் நிமிர்ந்து கேட்டார்கள். அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

ஜூன் 8, சனி

கைபேசியில் என் பேச்சைப் பதிவு செய்து கேட்டேன். "வந்து" இருபத்து மூன்று தடவை வருகிறது. அதைக்கூட மன்னிக்கலாம். வாக்கியம் முடியும்போது மூச்சும் முடிந்து, கடைசிச் சொல் வாய்க்குள்ளேயே போய்விடுகிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே நிற்கிறது! சுட்டார்களா, சுடவில்லையா என்பதை விழுங்கிவிட்டு, அதற்கு முன்னால் உள்ள அத்தனை அடைமொழிகளையும் கணீரென்று சொல்லி என்ன பயன்?

நெஞ்சு உயராமல் வயிறு விரியும்படி மூச்செடுக்கச் சொல்லியிருக்கிறார் சேர். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அதைப் பழக வழியில்லை. இரண்டு காம்பராவுக்கு இடையில் ஒரே சுவர். பக்கத்து அத்தை எட்டிப் பார்த்து, "யாரோடு சண்டை?" என்றார்.

ஜூன் 12, புதன்

தலவாக்கலையிலிருந்து ரயிலில் போனேன். கொட்டகலை தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீற்றருக்கு மேல் இருட்டு. பையன்கள் வழக்கம்போல ஊளையிட்டார்கள். இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. அந்த இரைச்சலுக்குள் வினைச்சொற்களை மட்டும் கத்திப் பார்த்தேன். "கேட்டார்கள்! மறுத்தார்கள்! சுட்டார்கள்!" சுரங்கம் முடிந்ததைக் கவனிக்கவில்லை. "செத்துப்போனார்!" பட்டப்பகலில் விழுந்தது. எதிரே இருந்த ஐயா பதறிப்போய், "யார் பிள்ளை?" என்றார். 1940இல் நடந்தது என்று விளக்குவதற்குள் ஹட்டன் வந்துவிட்டது.

வகுப்பில் மலையகத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் நடுவே பாட்டுப் பாடியே பிரசாரம் செய்தவர். மைக் இல்லாமல் வேலை முடிந்து வந்த கூட்டத்தை நிறுத்தி வைக்கப் பாட்டைவிட வேறென்ன வேண்டும்? "ஆன்றோரே" என்றால் யார் நிற்பார்கள்?

ஜூன் 19, புதன்

துண்டுச் சீட்டு எடுத்து, அதில் உள்ளதைப் பற்றி உடனே பேச வேண்டும். எனக்கு வந்தது "குடை". தாள் இல்லை, அதனால் மறப்பதற்கும் ஒன்றுமில்லை.

"கொழுந்தெடுக்க இரண்டு கையும் வேண்டும். குடை பிடிக்க எங்கள் அம்மாவுக்கு மூன்றாவது கை இல்லை" என்று தொடங்கினேன். இடுப்பில் கட்டும் படங்கு, அதன் அடியில் ஏறும் அட்டை, நனைந்த கொழுந்து என்று நிறுவையில் கழிக்கும் கிலோ என்று ஒவ்வொன்றாக வந்தது. எனக்கே தெரியாமல் ஓரிடத்தில் நிறுத்தினேன். ஒருவரும் அசையவில்லை. "அந்தக் காலத்தில் தோட்டத்தில் இலவசமாகக் கம்பளியாவது கொடுத்தார்கள், இன்று அதுவும் இல்லை" என்று முடித்தேன். கைதட்டல்! "வந்து" ஒன்பதுதான். நாற்பது வினாடி கூடிவிட்டது என்று சேர் சொன்னது பெரிதாகக் காதில் ஏறவில்லை.

ஜூன் 21, வெள்ளி

பொசன் போயா (பௌர்ணமி) விடுமுறை. அடுப்படியில் அப்பாயிக்கு அந்தப் பேச்சை முழுவதும் பேசிக் காட்டினேன். படங்கு வரை தலையாட்டிக்கொண்டிருந்தார். கம்பளியில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இலவசமா? யார் சொன்னது? எங்கள் அம்மா போர்த்திய கம்பளிக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள்."

யாரும் சொல்லவில்லை. வாக்கியம் நன்றாக முடிய வேண்டும் என்று நானே அந்த நேரத்தில் போட்டுக்கொண்டது. கைதட்டல் வாங்கியதும் அதுதான்.

26ஆம் திகதி வகுப்பில் எழுந்து திருத்த வேண்டும். ஒரே வரிதான்: "கம்பளி இலவசமில்லை, அதற்கும் சம்பளத்தில் பிடித்தார்கள்." காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். அந்தப் "பிடித்தார்கள்" அப்பாயியின் வாயில் விழுந்த மாதிரி எனக்கு இன்னும் விழவில்லை.