அகோகோ வீட்டில் நான்கு நாள்

14 ஜூன் 2019, வெள்ளி

மலாவியின் தலைநகர் லிலாங்வேயிலிருந்து எம்1 சாலையில் தெற்கே 85 கி.மீ. போல வந்தால் டெட்சா. அங்கிருந்து சைக்கிள் டாக்சியில் மண்ணைத் தின்றுகொண்டே அரை மணி. அலுவலக நண்பரின் மனைவி ஊர் இது. இங்குள்ள செவா இன மக்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போய் இருப்பது பழைய வழக்கம்; நிலமும் பெண் வழியில் வருகிறது. அலுவலகத்தில் அத்தனை சத்தம் போடுகிற மனிதர், இங்கே வந்ததும் குரலை இறக்கிவிட்டார்.

கதவைத் தட்டவில்லை. வாசலில் நின்று “ஓடி!” என்றார். உள்ளேயிருந்து “ஓடினி!” என்று பதில். நம் காதுக்கு, வந்த ஆளை விரட்டுவது போலத்தான் இருக்கிறது. வரலாமா, வாங்க என்பதுதான் பொருளாம்.

வீட்டில் நல்ல நாற்காலி ஒன்றே ஒன்று. அது எனக்கு. அகோகோ, அதாவது பாட்டி, கோரைப்பாயில். நானும் பாயில் உட்காரப் போனேன், நண்பர் கண்ணாலேயே தடுத்தார். அப்புறம் ஒவ்வொருவராக வந்து “முலி ப்வான்ஜி?” என்று நலம் கேட்டார்கள், பெண்கள் முழங்காலிட்டு. என் காலை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

15 ஜூன், சனி

சரியான குளிர். ஊர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புல் தட்டி மறைப்புக்குள் ஒரு வாளி வெந்நீர் வைத்திருந்தார்கள். தாராளமாக ஊற்றிக் குளித்தேன். பிறகுதான் பார்த்தேன், நண்பரின் மைத்துனி அடிபம்பிலிருந்து தலையில் வாளியோடு ஏறி வருவதை.

மதியம் என்சிமா கிண்டுவதை அருகில் இருந்து பார்த்தேன். வெள்ளை மக்காச்சோள மாவு. முதலில் கஞ்சி, அது கொதித்துத் தெறிக்கும்போது மேலும் மாவைப் போட்டு, துடுப்பு போன்ற கட்டையால் கிண்டுகிறார்கள். பானை நகராமல் காலால் அண்டை கொடுத்துக்கொண்டு, தோளோடு சேர்த்துக் கிண்ட வேண்டும். நம் களியேதான், ஆனால் இதில் உப்பு இல்லை. தண்ணீரில் நனைத்த கரண்டியால் மொண்டு, வழவழவென்று தட்டில் அடுக்கினார்கள். தொட்டுக்கொள்ள நிலக்கடலை மாவு போட்ட பூசணிக்கீரை. எனக்காக ஒரு கோழியும்.

ஒரு சிறுமி குடத்திலிருந்து நீர் ஊற்ற, முதலில் என் கை கழுவப்பட்டது. என் தட்டில் கோழியின் இரைப்பை வந்தது. பக்கத்தில் ஒரு பொடியன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்து அவனிடம் நீட்டினேன். பேச்சு நின்றுவிட்டது. பையன் வாங்காமல் பாட்டியைப் பார்த்தான். அது வீட்டுப் பெரியவருக்கோ விருந்தாளிக்கோ உரியதாம். பாட்டி ஏதோ சொன்னார். “சமையல் பிடிக்கவில்லையா என்று கேட்கிறார்” என்றார் நண்பர். அவசரமாக வாயில் போட்டுக்கொண்டேன். ரப்பர் மாதிரி இருந்தது.

16 ஜூன், ஞாயிறு

காலையில் சர்ச். பாட்டு நன்றாக இருந்தது, பிரசங்கம் நீளம்.

கொல்லையில் மூங்கில் பின்னிய குதிர். அறுவடை முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது, சோளக்கதிர் நிறைந்திருக்கிறது. அடுத்த விளைச்சல் வருவதற்கு முன், ஜனவரி, பிப்ரவரியில் பல வீடுகளில் இது காலி. நான் அப்போது வந்திருந்தால் என்று நண்பரிடம் கேட்டேன். “அப்போதும் உங்களுக்குச் சமைத்திருப்பார்கள்” என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

17 ஜூன், திங்கள்

கிளம்பும்போது வாசலோடு விடைபெறுவது இங்கே இல்லை. விருந்தாளியோடு கொஞ்ச தூரமாவது நடந்து வர வேண்டும், அதற்குக் ‘குபெரெகேசா’ என்று தனிச் சொல்லே இருக்கிறது. பாட்டி தைல மரம் வரை வந்தார், பிள்ளைகள் தார் ரோடு வரை.

என் கையில் கால் கட்டிய ஒரு சிவப்புக் கோழி. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. இரைப்பை ஞாபகம் வர, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு “ஸிகோமோ”, அதாவது நன்றி, என்றேன். மினிபஸ்ஸில் அது என் மடியில் தூங்கிவிட்டது. நாளைக்கு வீட்டுக்காரரிடம் கோழி வளர்க்கலாமா என்று கேட்க வேண்டும்.