கத்திரி நாட்குறிப்பு

மே 3, சனி

குடியாத்தம் போன் செய்தாள். என் ஓஇடி வகுப்பில் படிக்கும் நர்ஸ், ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஓஇடி என்பது வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்சுகள் எழுதும் ஆங்கிலத் தேர்வு. பேசவில்லை, அழுதாள். ரைட்டிங்கில் 290. லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 350-ஐத் தாண்டிவிட்டாள். பிரிட்டன் நர்சிங் கவுன்சிலுக்கு ஓஇடி ரைட்டிங்கில் மட்டும் 300 இருந்தால் போதும். அந்தப் பத்துதான் வரவில்லை.

"வார்டுல எல்லாரும் கேக்குறாங்க மிஸ். இன்னா சொல்றது?"

17-ஆம் தேதிக்கே மறுபடி பணம் கட்டிவிட்டாளாம். அவள் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. 12 மாதத்துக்குள் எழுதும் இரண்டு தேர்வுகளைச் சேர்த்துக் காட்டலாம், வாங்கிய மார்க் வீணாகாது என்று எடுத்துச் சொன்னேன். காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். என் அம்மாவுக்கு கிரியாட்டினின் 4.2. சிறுநீரகம் பழுதாகப் பழுதாக ஏறும் எண் இது.

மே 5, திங்கள்

ரைட்டிங் என்றால் கேஸ் நோட்ஸ், அதாவது ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைப் படித்துவிட்டு ஒரு கடிதம் எழுதுவது. குடியாத்தத்தின் பழைய பயிற்சிக் கடிதங்களை எல்லாம் எடுத்து வரச் சொல்லியிருந்தேன். மதியம் முழுக்க அதோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆங்கிலத்தில் பெரிய பிழை இல்லை. அதுதான் மனசை அறுக்கிறது. 'த' விட்டுப்போவது, 'ஹேவிங்' தேவையில்லாமல் வருவது, இதெல்லாம் இரண்டு நாளில் சரியாகிவிடும். விஷயம் வேறு. 68 வயது ஆள், சர்க்கரை, காலில் ஆறாத புண், இன்று டிஸ்சார்ஜ். வீட்டுக்கு வந்து பார்க்கப்போகும் நர்சுக்குக் கடிதம் எழுத வேண்டும். இவள் 1987-இல் நடந்த அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனை எழுதியிருக்கிறாள். இரண்டாம் நாள் காய்ச்சல் இல்லை, மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை, நான்காம் நாளும் இல்லை. எதற்காக இந்தக் கடிதம் என்பது கடைசி வரியில் வருகிறது. நோக்கத்துக்கு என்று தனியாக 3 மார்க் இருக்கிறது. மற்ற ஐந்து அளவுகோலுக்கும் ஏழேழு. அந்த மூன்றும் அவளுக்கு முதல் பத்தியிலேயே போய்விடுகிறது.

பெரும்பாதியை அடித்துவிட்டுக் கொடுத்தேன். முகம் வெளுத்துவிட்டது. "இத்தயெல்லாம் உட்டுட்டா மார்க்கு பூடாதா மிஸ்?"

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். முதல் வருஷத்திலிருந்தே இவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, சார்ட்டில் எழுதாதது செய்யாததற்குச் சமம் என்பது. எட்டு மணிக்கு பிபி பார்த்தாயா, எழுது. மாத்திரை வேண்டாம் என்றாரா, அதையும் எழுது. அந்தப் பழக்கம்தான் வார்டில் நோயாளியைக் காப்பாற்றுகிறது, நாளைக்கு ஒரு விசாரணை வந்தால் நர்சையும் காப்பாற்றுகிறது. அப்படி ஆறு வருஷம் வேலை பார்த்தவளிடம் போய் இதை விடு, அதை விடு என்றால் கை எப்படி வரும்? நல்ல நர்சாக இருப்பதாலேயே இவள் தோற்கிறாள். இதை யாரும் இவர்களிடம் உட்கார்ந்து சொல்வதில்லை. இலக்கணப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

மே 7, புதன்

வேலூர் சத்துவாச்சாரியில் வகுப்பு நடக்கும் மாடியில் கரண்ட் இல்லை. எல்லோரையும் வராந்தாவுக்கு வரச் சொல்லி அங்கேயே நடத்தினேன்.

ஒரே கேஸ் நோட்ஸ், மூன்று கடிதம். ஒன்று வீட்டுக்கு வரும் நர்சுக்கு, ஒன்று டயட்டீஷியனுக்கு, ஒன்று பிசியோவுக்கு. புண்ணை எத்தனை நாளைக்கு ஒரு முறை கட்ட வேண்டும் என்பது நர்சுக்கு உயிர், டயட்டீஷியனுக்கு ஒரு வரி போதும். ஆள் தனியாக இருக்கிறார், கடைச் சாப்பாடு என்பது டயட்டீஷியனுக்கு முதல் பத்தி. வீட்டுப் படிக்கட்டு பிசியோவுக்கு. அப்பெண்டிக்ஸ் யாருக்கும் வேண்டாம்.

ஐசியூ அக்கா சட்டென்று பிடித்துக்கொண்டார். "ஹேண்ட் ஓவர் குடுக்கிற மாதிரி சிஸ்டர். டியூட்டிக்கு வர்றவங்களுக்கு இன்னா வேணுமோ அத்த மட்டும் சொல்லுவோம் இல்ல?" அதேதான். சார்ட்டை மறந்துவிட்டு ஹேண்ட் ஓவரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லியிருக்க வேண்டியது, அவர் வாயால் வந்தது இன்னும் நல்லது. குடியாத்தம் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நைட் டியூட்டி முடித்து வந்த பையன் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டான். எழுப்பவில்லை.

மே 8, வியாழன்

4.6. அம்மா மோர் கேட்டாள். இந்த வெயிலில் டம்ளரை அளந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

மே 9, வெள்ளி

மனப்பாடக் கடிதம் இன்று வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கேயோ காசு கொடுத்து வாங்கியது. நோயாளி பெயரையும் நோயின் பெயரையும் மாற்றினால் போதும் என்று சொல்லி விற்கிறார்களாம். ஆஸ்துமா வந்த ஏழு வயதுக் குழந்தைக்கு, புகைப்பதை நிறுத்த அறிவுரை சொல்லப்பட்டது என்று ஒரு வரி. எழுதினவளுக்கே அது கண்ணில் படவில்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. கடன் வாங்கி, டியூட்டி மாற்றிக்கொண்டு, தூக்கத்தை விட்டுப் படிக்க வருகிற பெண்களிடம் இதை விற்க எப்படி மனசு வருகிறது?

180-லிருந்து 200 வார்த்தை. அவ்வளவுதான் கேட்கிறார்கள். நோட்ஸ் நம் கையில்தான் இருக்கிறது. மனப்பாடம் செய்ய அதில் என்ன இருக்கிறது?

மே 10, சனி

அம்மாவோடு நெஃப்ரோவில், சிறுநீரகப் பிரிவில், இரண்டு மணி நேரம். டயாலிசிஸ் இப்போது வேண்டாம், ஆனால் பின்னால் டயாலிசிஸுக்கு உதவும்படி கையில் ரத்தக் குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா போட்டு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அம்மா எந்தக் கை என்று மட்டும் கேட்டாள்.

மே 12, திங்கள்

செவிலியர் தினம். சித்ரா பௌர்ணமியும் இன்றே. புஷ்பப் பல்லக்கு பார்க்க ஊரே தெருவில் இருக்கும், அதனால் வகுப்பு வைக்கவில்லை. வார்டில் கேக் வெட்டிய படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

சிஎம்சி மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் இந்த ஊரில் நர்சிங் பள்ளி தொடங்கியது 1909-இல். நூறு வருஷத்துக்கு மேலாக நர்சுகளை உருவாக்கும் ஊர் இது. விடியற்காலை மூன்று மணிக்கு, யாருக்கும் கிடைக்காத நரம்பைத் தடவிப் பார்த்தே ஊசி ஏற்றுகிறவளை ஒரு தாளில் 290 என்று எழுதி அனுப்புகிறார்கள். வயிறு எரிகிறது. ஆனாலும் அந்தத் தேர்வை முழுசாகத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சரியான கேள்வியைத்தான் கேட்கிறது. அடுத்து பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு என்ன தெரிய வேண்டும்?

மே 13, செவ்வாய்

முதல் ஐந்து நிமிஷம் படிக்க மட்டும். அடிக்கோடு கூடப் போடக்கூடாது. பேனாக்களை எல்லாம் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். யாருக்குக் கடிதம், எதற்கு என்பது நோட்ஸின் அடியில்தான் இருக்கும். அங்கிருந்து ஆரம்பியுங்கள், அப்புறம் மேலே போங்கள் என்றேன். குடியாத்தம் பழக்கத்தில் மேலிருந்தே ஆரம்பித்தாள். தாளின் மேல் பாதியைக் கையால் மூடினேன். மூன்றாவது தடவை தானாகவே கீழே பார்த்தாள்.

மே 15, வியாழன்

வைகாசி ஒன்று. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வரமாட்டாள் என்று தெரியும், போ என்று நானேதான் சொன்னேன். பரீட்சைக்காக அம்மனை விட்டுவிட்டு வந்தால் அந்தக் குறையே அவளைத் தின்றுவிடும்.

இரவு பத்து மணிக்கு ஒரு கடிதம் எழுதி போட்டோ அனுப்பியிருக்கிறாள். நோக்கம் முதல் வரியில். அப்பெண்டிக்ஸ் இல்லை, தினசரிக் காய்ச்சல் கணக்கும் இல்லை. சந்தோஷமாகப் படித்துக்கொண்டே வந்தேன். நோட்ஸில் இருந்த பெனிசிலின் ஒவ்வாமையும் இல்லை.

தூக்கம் வரவில்லை. வெட்டக் கற்றுக்கொண்டவள் இப்போது எல்லாவற்றையும் வெட்டுகிறாள். புண் இருக்கிற ஆள், நாளைக்கே சீழ் பிடித்தால் ஆன்டிபயாட்டிக் எழுதுவார்கள். இது போய்ச் சேராவிட்டால்? தேர்வுக் கடிதம்தான், நிஜ ஆள் கிடையாது. ஆனால் இந்தக் கைதான் அங்கே போய் நிஜக் கடிதம் எழுதப்போகிறது. இன்னும் ஒரே நாள் இருக்கிறது. இப்போது போய்ப் பயமுறுத்தினால் பழையபடி எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள்.

மே 16, வெள்ளி

காலையில் பேசினேன். ஒவ்வாமையை மட்டும் கேட்டேன். "ஐயோ மிஸ்" என்றாள். அப்புறம் அவளே சொன்னாள்: "இது தெரியலன்னா அவங்க தப்பு பண்ணிடுவாங்களான்னு பாக்கணும், இல்ல மிஸ்?" வேறெதுவும் நான் சொல்லவில்லை.

மே 17, சனி

விடியுமுன் காட்பாடியில் ரயில் ஏறிவிட்டதாக மெசேஜ். சாயங்காலம் இன்னொன்று: "டைம் பத்துச்சு மிஸ்." கேஸ் என்ன என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மே 19, திங்கள்

4.9.

மே 21, புதன்

ரிசல்ட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தெரிந்தே காலையிலிருந்து போனைப் பார்க்கிறேன். புது பேட்ச் வந்திருக்கிறது. முதல் நாளே ஒருத்தி கேட்டாள், மாடல் லெட்டர் தருவீர்களா என்று. ஹேண்ட் ஓவர் எப்படிக் கொடுப்பாய், எனக்குச் சொல்லிக்காட்டு என்றேன். கடகடவென்று தமிழில் சொன்னாள், அவ்வளவு சுத்தமாக. இதையே எழுது என்றேன்.

மே 22, வியாழன்

அம்மாவை நாளைக் காலை அட்மிட் செய்யச் சொல்லிவிட்டார்கள். இடது கை. வகுப்பை ஐசியூ அக்கா பார்த்துக்கொள்கிறார். திருத்தாத கடிதங்களை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன், அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.