பீகாரும் தேயிலையும்: ஐஇஎல்டிஎஸ் வகுப்புக் குறிப்புகள்

ஜூலை 7, 2025, திங்கள்

வெளிநாடு போக எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் ரைட்டிங் பகுதியில், மாலை பேட்சுக்கு இன்று டாஸ்க் 1 தொடங்கினேன்: ஒரு படம் கொடுப்பார்கள், அதில் இருப்பதை எழுத வேண்டும். எல்லாரும் அகாடமிக் வகை எழுதுபவர்கள். ஜெனரல் ட்ரெயினிங் என்ற இன்னொரு வகை எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்களுக்குக் கடிதம்தான். கணக்கு எளிது. மொத்தம் 60 நிமிடம். டாஸ்க் 1-க்கு 20 நிமிடம், குறைந்தது 150 வார்த்தை. டாஸ்க் 2, அதாவது கட்டுரைக்கு 40 நிமிடம், 250 வார்த்தை, மதிப்பெண்ணும் இரண்டு மடங்கு. ஆனாலும் எந்த பேட்ச் வந்தாலும் பாதிப் பேர் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டு, கட்டுரையின் கடைசிப் பத்தியை எழுத நேரமில்லாமல் எழுந்து வருகிறார்கள்.

பயிற்சிக்கு நானே ஒரு பார் சார்ட் போட்டேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எழுத்தறிவு விகிதம், 2001-உம் 2011-உம். கேரளா 90.86-இலிருந்து 94. தமிழ்நாடு 73.45-இலிருந்து 80.09. பீகார் 47-இலிருந்து 61.8. (2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இதைவிடப் புதிய கணக்கெடுப்பு எண் இல்லை.) மூன்று மாநிலம், ஆறு கம்பம், அவ்வளவுதான். எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

தாள்கள் வந்தன. எதிர்பார்த்தபடியே ஆறு எண்ணும் ஆறு வாக்கியமாக, இடமிருந்து வலமாக, ரேஷன் கடைப் பலகையில் சரக்கு இருப்பு எழுதுவது மாதிரி. எண்ணில் ஒன்றுகூடத் தப்பில்லை, ஆங்கிலமும் பரவாயில்லை, ஆனால் படித்து முடித்தால் படத்தில் என்னதான் நடந்தது என்று தெரியவில்லை. இதைத்தான் ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் விளக்கத்தில் 5-ஆம் பேண்டுக்கு (மதிப்பெண்ணை இங்கே பேண்ட் என்பார்கள்) வைத்திருக்கிறார்கள்: விவரங்களை இயந்திரம் போல ஒப்பிப்பது, ஓவர்வியூ (படத்தின் மொத்தச் சாரம்) தெளிவாக இல்லாதது. 7 வேண்டுமென்றால் முக்கியப் போக்கு என்ன, வித்தியாசம் எங்கே என்று ஓவர்வியூ பளிச்சென்று சொல்ல வேண்டும்.

எனக்குப் பிள்ளைகள் மேல் கோபமில்லை. பத்து மார்க் கேள்விக்கு நாலு பக்கம் எழுது, ஒன்றையும் விடாதே என்று பன்னிரண்டு வருஷம் சொல்லி வளர்த்துவிட்டு, இப்போது விடு விடு என்றால் எப்படி விடுவார்கள்?

போர்டில் எண் ஒன்றுகூட எழுதாமல் கேட்டேன். "இந்தப் படத்தை போன்ல அம்மாகிட்ட சொல்லணும், அரை நிமிஷம்தான் இருக்கு, என்ன சொல்வீங்க?" கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் நர்ஸ் அக்கா ஒருவர் (இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய எழுதுகிறார்) சொன்னார்: "மூணுமே ஏறியிருக்கு மேடம், கேரளாதான் ரெண்டு தடவையும் மேல, பீகார்தான் கடைசி, ஆனா ரொம்ப ஏறினதும் அதுதான்." முடிந்தது. இதுதான் ஓவர்வியூ. கேரளாவுக்கும் பீகாருக்கும் இருந்த இடைவெளி ஏறக்குறைய 44 புள்ளியிலிருந்து 32 ஆகக் குறைந்ததைப் பிறகு வரும் பத்தியில் எண்ணோடு சொன்னால் போதும்.

ஜூலை 10, வியாழன்

நேற்றைய தாள்களில் பாக்கி இரண்டு விஷயம்.

கேரளா மூன்று புள்ளி ஏறியதற்கு ஒரு தம்பி 'ஸ்கைராக்கெட்டட்' போட்டிருக்கிறார். எங்கேயோ டெம்ப்ளேட் வாங்கியிருக்கிறார், அதில் 'பெரிய வார்த்தை போட்டால் பெரிய பேண்ட்' என்று இருக்கிறதாம். 90.86-இலிருந்து 94-க்குப் போனதற்கு ராக்கெட் எதற்கு? 'ரோஸ் ஸ்லைட்லி' போதும். சொல்வளத்துக்கான மார்க் பொருத்தமான வார்த்தைக்குத்தான், ஆடம்பரத்துக்கு இல்லை.

இரண்டாவது, பீகார் '14.8 பெர்சென்ட்' ஏறியது என்று கிட்டத்தட்ட எல்லாருமே எழுதியிருந்தார்கள். 47-இலிருந்து 61.8 என்றால் ஏறியது 14.8 பெர்சென்டேஜ் பாயின்ட், அதாவது இரண்டு சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம். பெர்சென்ட் என்று சொன்னால் அது 31-க்கு மேல் போய்விடும், ஏனென்றால் 14.8-ஐ 47-ஆல் வகுக்க வேண்டும். மெக்கானிக்கல் படித்த தம்பிக்கு மட்டும் இது உடனே பிடிபட்டது. ஆனால் அதே தம்பி, தமிழ்நாடு ஏறியதற்குக் காரணம் சத்துணவுத் திட்டம் என்று ஒரு பத்தி எழுதியிருந்தார். படிக்க நன்றாகத்தான் இருந்தது, நானும் சத்துணவு சாப்பிட்டவள்தான். ஆனாலும் அடித்துவிட்டேன். படத்தில் இல்லாத காரணம் டாஸ்க் 1-இல் வரக் கூடாது, அந்த ஆசையெல்லாம் டாஸ்க் 2-க்கு.

ஜூலை 14, திங்கள்

இன்று ப்ராசஸ் டயகிராம், ஒரு பொருள் தயாராகும் கட்டங்களைக் காட்டும் படம். தேயிலை தயாரிப்புப் படம் கொடுத்தேன்: பறித்தல், வாட்டுதல், உருட்டுதல், ஆக்ஸிஜனேற்றம், உலர்த்துதல், தரம் பிரித்தல், பெட்டியில் அடைத்தல்.

பேட்சில் ஒரு கோத்தகிரிப் பெண் இருப்பதை மறந்தே போனேன். படத்தைப் பார்த்ததும், "மேடம், இது ஆர்த்தடாக்ஸ் டீ. எங்க பக்கம் பெரும்பாலும் சிடிசி, உருட்ட மாட்டாங்க, பல் வச்ச ரோலர்ல விட்டு நசுக்கிக் கிழிச்சுச் சுருட்டும், அதான் டஸ்ட் டீ குருணை குருணையா இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டது. அம்மா டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கிறாராம். வாட்டும் தொட்டியில் இலையை எவ்வளவு நேரம் பரப்பி வைப்பார்கள், கீழேயிருந்து ஃபேன் காற்று எப்படி வரும், ஆக்ஸிஜனேற்றம் போதுமென்று நிறத்தையும் வாசனையையும் வைத்து எப்படிச் சொல்வார்கள் என்று எல்லாம் சொன்னது. பத்து நிமிடம் நானும் மாணவியாக உட்கார்ந்து கேட்டேன்.

எழுதியபோது வந்தது பிரச்சினை. தெரிந்ததையெல்லாம் எழுதியதில் 260 வார்த்தை, அதில் பாதி படத்திலேயே கிடையாது. தேயிலையைப் பற்றி ஒன்றும் தெரியாத மெக்கானிக்கல் தம்பிதான் கச்சிதமாக எழுதியிருந்தார். மொத்தம் ஏழு கட்டம், பறிப்பதில் தொடங்கிப் பெட்டியில் முடிகிறது என்று ஓவர்வியூ. வருஷம் எதுவும் இல்லாததால் நிகழ்காலம். யார் செய்கிறார்கள் என்பது படத்தில் இல்லாததால் முழுக்க பாஸிவ்: 'த லீவ்ஸ் ஆர் ஸ்ப்ரெட் அண்ட் லெஃப்ட் டு விதர்'. ப்ராசஸில் கட்டத்தை மட்டும் விடக் கூடாது என்றும் சொன்னேன். எண்ணைப் பொறுக்கி எடுக்கலாம், கட்டத்தைப் பொறுக்க முடியாது.

கோத்தகிரிப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. "தெரிஞ்சதை எழுதினா தப்பா மேடம்?" இந்தத் தேர்வில் தப்புதான். அது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் தேர்வர் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது வேறு வேறாக இருக்கும்போது, எல்லாருக்கும் பொதுவாக இருப்பது அந்த ஒரு படம் மட்டும்தானே.

ஜூலை 17, வியாழன்

நர்ஸ் அக்காவுக்கு அடுத்த வாரம் தேர்வு. இங்கிலாந்து நர்சிங் கவுன்சிலுக்கு ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் (லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங்) 7 வேண்டும். 2018 டிசம்பருக்கு முன்னால் ரைட்டிங்குக்கும் 7 கேட்டார்கள். அந்த அரைப் பேண்டால் எத்தனை பேர் திரும்பத் திரும்பப் பணம் கட்டினார்கள் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அக்கா கம்ப்யூட்டர் தேர்வு எடுத்திருக்கிறார். வார்த்தை எண்ணிக்கையைத் திரையே காட்டும் என்பதில் அவருக்குப் பெரிய நிம்மதி. கேள்வியை அப்படியே முதல் வரியாகத் தட்டச்சு செய்து எண்ணிக்கையை ஏற்றும் பழக்கத்தை மட்டும் விடச் சொன்னேன். காப்பியடித்த வரியைத் தேர்வாளர் கணக்கில் சேர்க்க மாட்டார், திரையில் 150 என்று காட்டினாலும் அவருக்கு அது 130-தான்.

டாஸ்க் 2-ஐ முதலில் எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம், தடை எதுவும் இல்லை. ஆனால் நாற்பதாவது நிமிடம் கையை எடுத்துவிட வேண்டும். நைட் ட்யூட்டி முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவர், நேரத்துக்கு எழுந்திருப்பதெல்லாம் அவருக்குப் பழக்கம்தான். சனிக்கிழமை ஒரு லைன் கிராப், ஒரு மேப், இரண்டையும் டைம் வைத்து எழுதுகிறோம்.