மூன்று பை, ஒரு துறைமுகம்: ஹாங்காங் நாட்குறிப்பு

நவம்பர் 16, வியாழன்

விமான நிலையத்திலிருந்து ஏ21 பஸ். மாடியில் முன் சீட் கிடைத்தது. வழியெங்கும் கன்டெய்னர் அடுக்குகளும் கிரேன்களும்தான்.

அறை, நாதன் ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தின் 13-ஆவது மாடியில். ஒற்றைப்படை மாடிகளுக்கு ஒரு லிப்ட், இரட்டைப்படைக்கு இன்னொன்று. இது தெரியாமல் இருபது நிமிடம் தப்பான வரிசையில் நின்றோம். சரியான லிப்ட் வந்ததும் மூவரும் பையோடு ஏறினோம், அது கத்த ஆரம்பித்துவிட்டது. உள்ளே இருந்த எல்லோரும் எங்கள் பைகளையே பார்த்தார்கள். மாமா இறங்கிக்கொண்டான். (மாமா என்றால் உறவில்லை, எங்களைவிட நாலு மாதம் மூத்தவன், அவ்வளவுதான்.)

அறையில் மூன்று பேர் படுக்கலாம், ஒருவர் நிற்கலாம். ஷவர், கழிப்பறைக் கோப்பைக்கு நேர் மேலே. பைகளைக் கட்டிலில் வைத்தால் நமக்கு இடமில்லை, தரையில் வைத்தால் கதவு திறக்காது.

நவம்பர் 17, வெள்ளி

ஸ்டார் ஃபெர்ரி, துறைமுகத்தைக் கடக்கும் படகு. இக்கரை ட்சிம் ஷா ட்சுயியிலிருந்து அக்கரை சென்ட்ரல் வரை, மேல்தளத்துக்கு ஆளுக்கு 5 ஹாங்காங் டாலர் கொடுத்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பச்சையும் வெள்ளையுமான படகு. இதற்கு முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது, அக்கரை போய்த் திரும்பாமல் அப்படியே புறப்பட்டு வரும். அதனால் மர இருக்கையின் சாய்மானத்தை மட்டும் மறுபக்கம் தள்ளிவிட்டு உட்கார வேண்டும். டக் என்று ஒரு சத்தம். நான் சும்மாவே நாலு முறை தள்ளிப் பார்த்தேன்.

கரை நெருங்கும்போது நீலச் சட்டைக்காரர் ஒருவர் நீளக் கழியின் கொக்கியால் கயிற்றைப் பிடித்துக் கட்டினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தினமும் எத்தனை முறை கட்டுவாரோ.

1888-இல் கௌலூன் ஃபெர்ரி கம்பெனி என்று இதைத் தொடங்கியவர் டோராப்ஜி நவ்ரோஜி. பம்பாயிலிருந்து வந்த பார்சிக்காரர், சமையல்காரராக இருந்தவர். 1966-இல் முதல் வகுப்புக் கட்டணத்தை 5 சென்ட் ஏற்றியதற்கு ஊரே கலவரப்பட்டதாம். இதைச் சொன்னதும், எங்கள் பொதுப்பணத்தை வைத்திருப்பதால் 'கணக்கு' என்று பெயர் வாங்கிய மூன்றாமவன், "நியாயம்தானே?" என்றான்.

மாலை விக்டோரியா சிகரத்துக்கு. மலையேறும் டிராமில் போகவேண்டும் என்று மாமா, வரிசை நீளம் என்று நான், 15-ஆம் எண் பஸ் மலிவு என்று கணக்கு. பத்து நிமிடம் சண்டை, அப்புறம் பஸ். மாடியின் முன் கண்ணாடியில் மரக்கிளைகள் அடித்துக்கொண்டே வந்தன. மேலே லுகார்ட் ரோட்டில் நடந்தால் துறைமுகம் முழுவதும் இலவசமாகத் தெரிகிறது. மாமா இன்னும் முழுதாகப் பேசவில்லை.

நவம்பர் 18, சனி

லாமா தீவு. சென்ட்ரல் 4-ஆம் துறையிலிருந்து படகு. கார் கிடையாது. யுங் ஷூ வானிலிருந்து தீவின் மறுபக்கம் சோக் க்வூ வானுக்கு மலைமேல் நடந்தோம். கடற்கரைக்குப் பின்னால் மின்நிலையத்தின் மூன்று புகைபோக்கிகள், முன்னால் குளிப்பவர்கள். யாருக்கும் அது உறுத்தவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து படகுகள் குறைவு என்று பார்த்து வைக்காதது என் தப்பு. கண்ணெதிரே ஒன்று போனது. மீன் வளர்க்கும் மிதவைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். துறைமுகத்தில் இரவு எட்டு மணிக்கு நடக்கும் விளக்குக் காட்சி தப்பிப்போனது.

நவம்பர் 19, ஞாயிறு

சென்ட்ரலில் இறங்கியதும் ஏதோ போராட்டம் என்றுதான் நினைத்தோம். வங்கிக் கட்டடங்களுக்கு அடியிலும், வண்டி போகாமல் அடைத்த சேட்டர் ரோட்டிலும் ஆயிரக்கணக்கான பெண்கள். அட்டைப்பெட்டிகளை விரித்து இடுப்பளவு சுவர் எழுப்பி, செருப்பை வெளியே விட்டு, உள்ளே சீட்டு, சாப்பாடு, நகப்பூச்சு, நாட்டுக்கு வீடியோ அழைப்பு. வீட்டு வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ் பெண்கள். வேலை செய்யும் வீட்டிலேயே தங்கவேண்டும் என்பது சட்டம், வாரம் ஒரு நாள் விடுப்பும் சட்டம். விடுப்பன்று போக வீடு ஏது? தெருதான்.

ஓரிடத்தில் இருவர் ஊருக்கு அனுப்பும் பெட்டியை மூடமுடியாமல் திணறினார்கள். துண்டு, சோப்பு, சாக்லேட், குழந்தை ஷூ எல்லாம் பிதுங்கின. மாமா கேட்காமலேயே போய் மூடிமேல் உட்கார்ந்தான். அவர்கள் சிரித்துக்கொண்டே டேப்பை இழுத்து ஒட்டினார்கள். "இன்னும் ரெண்டு இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னார் ஒருவர். மூன்றும் முடிய அரை மணி. மாமாவின் கோபம் அங்கேதான் தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

பதிலுக்கு எங்களுக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். உட்கார்ந்தோம். நாலு நாளில் முதல்முறையாகக் காலை முழுதாக நீட்டினேன்.

நவம்பர் 20, திங்கள்

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் விடிகாலையிலேயே ஃபெர்ரியில் ஒரு நடை போய் வந்தோம். கீழ்த்தளம், இன்ஜின் சூடு, டீசல் வாசனை. அக்கரையில் வெளியே வந்து, அடுத்த படகுக்கே பயண அட்டையைத் தட்டினோம். கணக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அறையைக் காலி செய்து லிப்டில் ஏறினோம். கத்தியது. இந்த முறை இறங்கியது நான்.