ஜிலேபி என்ற பாம்பும் என் கைகளும்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள் நான். அங்கே பாம்புப் பயத்துக்காக யாரும் வெட்கப்படுவதில்லை. உயிரோடு இருக்க வேண்டுமானால் அது தேவை. வைக்கோல் போரில் கை வைக்கும் முன் கழியால் தட்ட வேண்டும். இருட்டிய பின் வரப்பில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. பாயை விரிக்கும் முன் உதற வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் தூக்கத்தில் கட்டுவிரியன் கடித்து இறந்துபோனார். கடித்த இடத்தில் பெரிதாக வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. விடிவதற்குள் இமைகள் சரிந்து மூச்சு அடங்கிவிட்டது. அந்தத் தெருவில் வளர்ந்த என்னுடைய பர்மிங்காம் வீட்டில் இன்று நான்கடி நீளப் பாம்பு ஒன்று இருக்கிறது. பெயர் ஜிலேபி. அதை நானே பெட்டியிலிருந்து எடுக்கிறேன், கையில் வைத்திருக்கிறேன், திரும்ப விடுகிறேன். பாம்பு வளர்க்கும் வீட்டில் பயத்தோடு நடமாடிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்பதால், இந்த நிலைக்கு எப்படி வந்தேன் என்று எழுதுகிறேன்.

என் கணவருக்கு நாய், பூனை ரோமம் ஆகாது. மூத்த மகளுக்கோ ஏதாவது ஓர் உயிரை வளர்த்தே ஆக வேண்டும். அவள் தேடிப் பிடித்தது கார்ன் ஸ்நேக் என்ற இனம். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தது, விஷமற்றது, எலியைச் சுற்றி இறுக்கித் தின்பது; ஒருவகையில் நம் சாரைப் பாம்பின் தூரத்து உறவு. பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். பிரிட்டனில் விஷப் பாம்பு வளர்க்க 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், இதற்கு வேண்டியதில்லை. மகள் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்து வாதாடினாள். ஆரஞ்சு நிறத்தில் சுருண்டு கிடந்ததைப் பார்த்து அவளே ஜிலேபி என்று பெயரும் வைத்துவிட்டாள். அந்த அறைக்குள் என்னை யாரும் கூப்பிடக் கூடாது என்ற நிபந்தனையோடு நான் சம்மதித்தேன்.

அந்த நிபந்தனையை நானே தளர்த்தக் காரணம் இளையவன். ஆறு வயது. அக்கா ஜிலேபியைக் கையில் வைத்திருந்தபோது தொடுவதற்கு ஆசையாகக் கையை நீட்டினான். நீட்டியவன் வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தான். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கையை இழுத்துக்கொண்டு என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டான். என் அம்மாவின் முகத்தைப் பார்த்து நானும் இப்படித்தான் கற்றிருக்க வேண்டும்.

பிறகு இதைப் பற்றிப் படித்தேன். 1980களில் சூசன் மினேகா என்ற அமெரிக்க உளவியலாளர் ரீசஸ் குரங்குகளை வைத்து நடத்திய ஆய்வுகள் என்னை உலுக்கிவிட்டன. ஆய்வகத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்புப் பயம் இல்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு மிரள்வதைச் சிறிது நேரம் பார்த்தாலே அவையும் மிரளத் தொடங்கின. ஆனால் வீடியோவை வெட்டி ஒட்டி, அதே மிரட்சி பூவைக் கண்டு வந்ததாகக் காட்டியபோது அவற்றுக்குப் பூவின் மேல் பயம் வரவில்லை. அதாவது, பாம்பு விஷயத்தில் நாம் கற்பூரமாக இருக்கிறோம். ஒரு முகம் போதும், பற்றிக்கொள்ளும். என் மகனுக்குப் பாம்பைப் பற்றி என்ன தெரிய வேண்டும் என்பதை என் முகச்சுளிப்பு தீர்மானிக்கக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

முதல் கட்டத்தில் தொடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்வது மட்டும்தான். தொடக்கத்தில் நாற்காலி கதவருகே இருந்தது. உள்ளங்கை வியர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், கால்கள் தாமாகவே எழப் பார்க்கும். இங்கே ஒன்றே ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்: படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது எழுந்து போவதில்லை. அப்போது ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று உடம்பு பாடம் படித்துக்கொள்ளும். உட்கார்ந்தே இருந்தால் சிறிது நேரத்தில் படபடப்பு தானாகவே இறங்கும். இறங்கிய பிறகு எழுந்து போகலாம். அடுத்த முறை நாற்காலி ஓர் அடி முன்னே நகரும். ஒரே நாளில் பெட்டி வரை போய்விட வேண்டும் என்ற வீறாப்பு இதற்கு உதவாது.

உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, நான் பயந்த பாம்பு வேறு, எதிரே இருக்கும் பாம்பு வேறு என்று பிடிபட்டது. நாக்கை நீட்டுவது கொத்துவதற்காக என்றே நினைத்திருந்தேன். காற்றில் உள்ள வாசனைத் துகள்களை நாக்கில் எடுத்து, மேல்வாயில் உள்ள ஓர் உறுப்பிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, மோப்பம், அவ்வளவுதான். முறைத்துப் பார்க்கிறது என்று நினைத்ததும் இல்லை. பாம்புக்கு இமையே கிடையாது. தூங்கும்போதும் கண் திறந்துதான் இருக்கும். பெட்டியின் ஒரு பக்கம் ஏறக்குறைய 30 டிகிரி வெப்பம், மறு பக்கம் குளிர்ச்சி. ஜிலேபி சாப்பிட்டால் சூட்டுப் பக்கம் போய்ப் படுக்கும், பிறகு நகர்ந்துவிடும். அது என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை, தன் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த அன்று தோள்பட்டை கொஞ்சம் தளர்ந்தது.

தொடுவதற்கு வழி காட்டியது பாம்புச் சட்டை. உரித்துப் போட்ட சட்டையை மகள் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். கிழியாமல் முழுசாக இருந்தது. விளக்குக்கு நேராகப் பிடித்தபோது ஒவ்வொரு செதிலும் தெரிந்தது. தலைப் பகுதியில் கண்களை மூடியிருந்த இரண்டு மெல்லிய வட்டங்கள்கூட அப்படியே இருந்தன. அந்த வட்டங்கள் சரியாகக் கழன்றிருக்கின்றனவா என்று பார்ப்பது வளர்ப்பவர்களின் வேலை. கண்ணிலேயே ஒட்டிக்கொண்டால் தொல்லை. அந்தச் சோதனையை மகள் என்னிடம் விட்டுவிட்டாள். வேலை என்று ஒன்று கைக்கு வந்ததும் பயம் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது.

அடுத்தது மகளின் கை. அவள் ஜிலேபியைப் பிடித்திருப்பாள். நான் அவள் மணிக்கட்டின் மேல் கை வைப்பேன். பிறகு அவள் விரல்களின் மேல். பிறகு அவள் விரல்களுக்கு இடையே தெரிந்த முதுகின் மேல், முதலில் கையுறையோடு, பின்னர் வெறுங்கையோடு. இது நாங்களாகக் கண்டுபிடித்ததல்ல. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1969இல் வெளியிட்ட ஆய்வில் பாம்புப் பயம் உள்ளவர்களைப் பிரித்து, சிலரைக் கற்பனை செய்து பழகச் சொன்னார், சிலருக்குப் படம் காட்டினார், சிலரோடு ஒருவர் கூடவே இருந்து படிப்படியாகத் தொட வைத்தார். கூட ஒருவர் இருந்து செய்த முறைதான் மற்றவற்றைவிட நன்றாகப் பலித்தது. எனக்கு அந்த ஒருவர் என் மகள். சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை, "இதுக்குப் போயா" என்று சொல்லவில்லை, எனக்குத் தெரியாமல் பாம்பை ஒருபோதும் பக்கத்தில் கொண்டுவரவில்லை. பயப்படுகிறவரை விளையாட்டுக்குக்கூட மிரட்டாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். பல வார உழைப்பு ஒரு நொடியில் போய்விடும்.

வழுவழுப்பாக, ஈரமாக இருக்கும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். உலர்ந்து, சற்றுக் குளிர்ந்து, உள்ளே முழுக்கத் தசையாக இருந்தது.

முழுதாகத் தூக்கும்போதுதான் பெரிய சிக்கல் வந்தது. என் கண் அதன் தலையை விட்டு நகர மறுத்தது. தலை என் பக்கம் திரும்பும், நான் விறைப்பேன், என் விரல்கள் இறுகும், இறுகியதும் அது விடுபடப் பார்த்து வேகமாக நகரும், அதைக் கண்டு நான் இன்னும் விறைப்பேன். மகள் சொன்னாள்: "அம்மா, தலையைப் பார்க்காதே. நடு உடம்பைப் பார். பிடிக்காதே, தாங்கு." இதைவிட நல்ல அறிவுரையை நான் எங்கும் படிக்கவில்லை. தலை போகிற இடம் போகட்டும் என்று விட்டுவிட்டு, ஒரு கையிலிருந்து இறங்கும் உடம்பின் கீழே அடுத்த கையைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அடிவயிற்றுச் செதில்கள் அகலமானவை, கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக இருக்கும். அவை உள்ளங்கையை ஒவ்வொன்றாக அழுத்தி முன்னேறுவதை உணர்ந்தபோது, அது என்னைத் தாக்க வரவில்லை, விழாமல் இருக்கப் பிடிமானம் தேடுகிறது என்று கைக்கே புரிந்தது. என் கை தளர்ந்ததும் அதன் வேகமும் குறைந்தது.

எடுக்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. மேலிருந்து கையை இறக்கினால் பருந்து பாய்கிறது என்று அது மிரளும். பக்கவாட்டிலிருந்து போக வேண்டும். முதலில் கொக்கியால் முதுகை மெல்லத் தொட்டு, இது சாப்பாடு இல்லை என்று தெரிவிக்க வேண்டும். பிறகு நடுவில் அள்ளி, இரண்டு இடங்களில் தாங்க வேண்டும். வாலைப் பிடித்து இழுப்பதும் தலையை அமுக்குவதும் கூடவே கூடாது. தொடும் முன் கை கழுவுவது எலி வாசனை இல்லாமல் இருக்க. தொட்ட பின் கழுவுவது சால்மொனெல்லா கிருமிக்காக. சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தொடவே கூடாது, இரையைக் கக்கிவிடும்.

இடையில் ஒரு நாள் பெட்டியைத் திறந்ததும் ஜிலேபி கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வால் நுனியைப் படபடவென்று அடித்தது. எல்லாம் மறுபடி தொடக்கத்துக்கே போய்விட்டது என்று நினைத்தேன். மகள் எட்டிப் பார்த்து, கண்கள் பால் படிந்து நீலமாக இருப்பதைக் காட்டினாள். சட்டை உரிப்பதற்கு முன் அப்படித்தான் இருக்கும். பார்வை மங்கியிருப்பதால் எது வந்தாலும் அதற்கு ஆபத்துதான். மூடிவிட்டு வந்தோம். பயந்தவள் என்ற முறையில் அந்த வால் நடுக்கம் எனக்கு நன்றாகவே புரிந்தது. வேண்டாம் என்று அது சொல்கிறது, நாம் கேட்டு விலகினால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை வந்தபின், எனக்குள் இருந்த பயத்தின் பெரும்பகுதி அன்றே இறங்கிவிட்டது.

உறைந்த எலிகளைச் சூடாக்கி இடுக்கியில் பிடித்துக் கொடுக்கும் வேலையை மட்டும் மகளே செய்கிறாள். ஃபிரீசரில் அவற்றுக்குத் தனிப் பெட்டி. அதில் எனக்கு இருப்பது பயமல்ல, அருவருப்பு. அதை வெல்ல எனக்கு ஆசையும் இல்லை.

எல்லோருக்கும் வீட்டிலேயே இது சாத்தியம் என்று சொல்ல மாட்டேன். படத்தைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிறவர்கள் மனநல நிபுணரோடு செய்வது நல்லது. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுக்கு நாமே நேரடியாக விண்ணப்பிக்கலாம். லார்ஸ் யோரன் ஓஸ்ட் என்ற ஸ்வீடன் உளவியலாளர் வகுத்த முறையில் அதிகபட்சம் மூன்று மணி நேர ஒரே அமர்வில் இதே படிகளை நடத்துகிறார்கள்.

ஊருக்குப் போனபோது இன்னொரு பாடம் நடத்த வேண்டியிருந்தது. தோட்டத்தில் சாரை ஓடியதைப் பார்த்து இளையவன் "தொடலாமா?" என்று கேட்டான். கூடாது என்று உறுதியாகச் சொன்னேன், ஆனால் அலறவில்லை. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் உலவும் மண்ணில், கையில் பாம்பை ஏந்தி நிற்கும் படங்களைப் பார்த்துத் துணிச்சல் பழகுவது உயிருக்கு உலை வைக்கும். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் அனுமதிப்பதில்லை. எனவே பிள்ளைகளுக்கு டார்ச்சும் செருப்பும் கழியும் என்ன செய்யும் என்று காட்டிக் கொடுத்தேன். பாம்பைக் கண்டால் அசையாமல் நின்று, மெல்லப் பின்வாங்கி, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். கடித்தால் வேறெங்கும் போகாமல் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே போய்ச் சேர வேண்டும். இளையவன் இதையெல்லாம் முகத்தில் மிரட்சி இல்லாமல் கேட்டுக்கொண்டான்.

இப்போதும் ஜிலேபியைக் கழுத்தில் போட்டுக்கொள்ள மாட்டேன். முகத்துக்கு அருகே வந்தால் கையைத் தாழ்த்திவிடுவேன். மகள் பல்கலைக்கழகம் போகப்போகிறாள். விடுதியில் பாம்புக்கு அனுமதி இல்லை. தெர்மோஸ்டாட்டைச் சரிபார்ப்பது, தண்ணீர் மாற்றுவது, ஜிலேபியை மூடியுள்ள டப்பாவில் விட்டுவிட்டுப் பெட்டியைக் கழுவுவது எல்லாம் என் பொறுப்புக்கு வருகின்றன. எலிக்கு என் கணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.